ஒப்படைத்தலும் ஒதுங்கி நிற்றலும்

இளையோரைத் தலைவர்களாக உருவாக்க வேண்டும் என்று முழங்காத மேடை இல்லை. பங்குத் திருவிழாவையொட்டிய இளையோர் நாளிலும், மறைமாவட்ட மாநாட்டிலும், பள்ளி ஆண்டு விழாவிலும் இக்கூற்று தவறாமல் ஒலிக்கிறது, கைதட்டலும் பெறுகிறது. ஆனால் அதே நாளில், அதே வளாகத்தில் இளைஞர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நோக்கினால், அவர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டும், தோரணம் கட்டிக்கொண்டும், உணவுப் பொட்டலங்களை வழங்கிக்கொண்டும் இருப்பதைக் காணலாம். இவை இழிவான பணிகள் அல்ல. சீடர்களின் காலடிகளைக் கழுவிய ஆண்டவரைப் பின்பற்றுவோருக்கு எப்பணியும் இழிவன்று. ஆயினும் விழா எவ்வாறு நிகழ வேண்டும், யாரை அழைப்பது, எவ்வளவு செலவிடுவது என்னும் வினாக்களுக்கெல்லாம் வேறு சிலர் வேறோர் அறையில் அமர்ந்து விடை கண்டுவிட்டனர். முடிவு பெரியோருடையது; உழைப்பு இளையோருடையது. இந்நிலையில் உருவாவது தலைமைப் பண்பா, ஏவல் கேட்கும் பழக்கமா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இது வெறும் பயிற்சி முறை பற்றிய சிக்கல் அன்று. அதன் அடியில் அறநெறி சார்ந்த வினா ஒன்று கிடக்கிறது. மூத்தோர் இளையோருக்குக் கடன்பட்டிருப்பது பாதுகாப்பையா, நம்பிக்கையையா? இடறி விழக்கூடும் என்று தெரிந்தும் ஓர் இளைஞரிடம் உண்மையான பொறுப்பை ஒப்படைப்பது அன்பின் செயலா, அக்கறையின்மையா? ஒப்படைத்த பின் எதுவரை ஒதுங்கி நிற்கலாம்? இளையோர் இயக்கங்கள் அனைத்தும், அறிந்தோ அறியாமலோ, இவ்வினாக்களுக்கு நாள்தோறும் விடை அளித்துக்கொண்டேயிருக்கின்றன.

ஓர் அருள்பணியாளர் கண்ட வழி

இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் பெல்சியம் நாட்டைச் சேர்ந்த ஜோசப் கார்டைன். 1882-ஆம் ஆண்டு எளிய தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த அவர், ஹாலெ என்னும் சிற்றூரில் வளர்ந்தார். அவர் குருமடத்திற்குச் சென்றபோது, உடன் படித்த தோழர்கள் தொழிற்சாலைக்குச் சென்றனர். விடுமுறையில் ஊர் திரும்பியவரை அத்தோழர்கள் அந்நியராகவே பார்த்தனர். திருச்சபை முதலாளிகளின் பக்கம் நிற்கிறது என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. 1903-இல் அவருடைய தந்தை கடும் உழைப்பால் உடல் நலிந்து இறந்தார். தொழிலாளரின் மீட்புக்கே தம் வாழ்வு என்று அன்று உறுதி பூண்ட கார்டைன், 1906-இல் அருள்பணியாளராகத் திருநிலைப்படுத்தப்பெற்றார். 1912-இல் புருசெல்ஸ் நகரை அடுத்த லாக்கன் பங்கிற்குப் பணியாற்றச் சென்றார்.

தொழிலாளரின் துயர் கண்டு மனம் இரங்கிய அருள்பணியாளர்கள் அக்காலத்தில் பலர் இருந்தனர். அவர்கள் உணவு அளித்தனர், மாலைப் பள்ளிகள் நடத்தினர், மறையுரை ஆற்றினர். கார்டைன் வேறொரு வழியைத் தேர்ந்தார். தம் பொறுப்பில் இருந்த பங்கின் பெண்கள் சங்கத்தில், தையல் வேலை செய்து பிழைத்த இளம் பெண்களைச் சிறு குழுவாகக் கூட்டி, அவர்களுடைய வேலை நேரம், கூலி, பணியிடத்தில் அவர்கள் நடத்தப்படும் முறை ஆகியவற்றை அவர்களே விசாரித்து அறியச் செய்தார். விடையை அவர் சொல்லவில்லை. வினாவை மட்டும் கொடுத்தார். பின்னர் பெர்னாண்டு தொன்னே, பால் கார்சே, ஜாக் மேர்ட் ஆகிய இளைஞர்கள் அவருடன் இணைந்தனர். 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் முறைப்படி உருப்பெற்றது. அதே ஆண்டில் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் அவ்வியக்கத்திற்குத் தம் ஆதரவை நல்கினார். தொழிலாளருக்கு முதல் திருத்தூதர்களாகத் தொழிலாளரே விளங்க வேண்டும் என்னும் கருத்து, அவர் 1931-இல் எழுதிய சுற்றுமடலிலும் இடம்பெற்றது.

அவ்வியக்கத்தின் முறை மூன்று படிகளைக் கொண்டது: நோக்குதல், சீர்தூக்குதல், செயலாற்றுதல். தம்மைச் சுற்றி நடப்பதை முதலில் உள்ளபடி காண வேண்டும். கண்டதை நற்செய்தியின் ஒளியில் எடைபோட வேண்டும். பின்னர் தம்மால் இயன்ற ஒரு செயலை, அது எத்துணைச் சிறியதாயினும், செய்து முடிக்க வேண்டும். 1961-இல் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் தம் சமுதாயச் சுற்றுமடலில் இம்மூன்று படிகளையும் திருச்சபை அனைத்திற்கும் உரியனவாகப் பரிந்துரைத்தார். நம் மறைமாவட்டங்களில் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கமும், தொழிலாளர் இயக்கமும், பல அன்பியங்களும் இன்றும் கைக்கொள்வது இம்முறையையே.

ஆனால் இம்மூன்று சொற்களையும் மனப்பாடம் செய்துவிட்ட நாம், அவற்றுக்குப் பின்னால் இருந்த ஒரு துறவை மறந்துவிட்டோம். அவ்வியக்கத்தில் குழுவின் தலைவர் ஓர் இளந்தொழிலாளியே, அருள்பணியாளர் அல்லர். அருள்பணியாளர் கூட்டத்திற்கு முன்பே தலைவரைச் சந்திப்பார், அவருடன் செபிப்பார், அவர் தயாரித்துக்கொள்ளத் துணை நிற்பார். கூட்டம் தொடங்கிய பின் பேச்சைக் குறைத்துக்கொள்வார். நன்கு கற்றவர், பேசத் தெரிந்தவர், விடை அறிந்தவர் வாய்மூடி அமர்ந்திருக்க, பதினெட்டு வயது நிரம்பிய ஒரு பட்டறைத் தொழிலாளி தடுமாறித் தடுமாறிக் கூட்டத்தை நடத்துவார். இந்தத் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் அந்த முறையின் உயிர்நாடி. உலகிலுள்ள பொன் அனைத்தையும்விட ஓர் இளந்தொழிலாளி விலைமதிப்பு மிக்கவர் என்று கார்டைன் ஓயாமல் வலியுறுத்தினார். அத்தகைய ஒருவரை நம்பாமல் இருப்பது அவருக்கு இழைக்கும் அநீதி என்பதே அவருடைய செயலின் பொருள்.

ஏலியும் சவுலும்

மூத்தோர் இளையோருக்கு ஆற்ற வேண்டிய கடமையை விவிலியம் இரண்டு முதியோர் வாயிலாக நமக்குக் காட்டுகிறது. ஒருவர் குரு ஏலி; மற்றவர் அரசர் சவுல்.

இரவில் குரல் கேட்டுச் சிறுவன் சாமுவேல் மும்முறை ஏலியிடம் ஓடி வருகிறான். அழைத்தவர் ஆண்டவர் என்பதை மூன்றாம் முறை ஏலி உணர்ந்துகொள்கிறார். அவர் நினைத்திருந்தால், "நான் இந்த ஆலயத்தின் குரு, நானே போய்க் கேட்டு வருகிறேன்" என்று சொல்லியிருக்கலாம். அவ்வாறு சொல்லவில்லை. எவ்வாறு மறுமொழி கூற வேண்டும் என்று கற்பித்து, சிறுவனைத் தனியே அனுப்பிவிடுகிறார். தலைமைப் பயிற்சி என்பது இதுவே: குரலை அடையாளம் காணக் கற்பித்தல், பின்னர் அக்குரலுக்கு அவரே விடையளிக்க விட்டுவிடுதல்.

இத்துடன் முடியவில்லை. விடிந்ததும் ஏலி கேட்டறிந்த செய்தி, அவர் குடும்பத்திற்கு எதிரான தீர்ப்பு. சிறுவன் அதனைச் சொல்ல அஞ்சுகிறான். மறைக்க வேண்டாம் என்று ஏலியே வற்புறுத்திக் கேட்டு, அதனை ஆண்டவருடைய திருவுளமாக ஏற்றுக்கொள்கிறார். தம் பிள்ளைகளைத் திருத்தத் தவறிய ஏலியை நாம் குறைகூறுவது வழக்கம். ஆனால் தம்மால் பயிற்றுவிக்கப்பெற்ற இளைஞனின் வாயிலிருந்து தமக்கு எதிரான சொல்லைக் கேட்டுத் தாங்கிக்கொள்ளும் பெருந்தன்மை அவரிடம் இருந்தது. உண்மையாகவே சிந்திக்கப் பயிற்சி பெற்ற இளைஞர், ஒருநாள் பயிற்சி அளித்தவரையும் வினவுவார். "பங்கின் கணக்கு ஏன் எல்லாருக்கும் படித்துக் காட்டப்படுவதில்லை?" என்று கேட்பார். "கல்லறைத் தோட்டத்திலும் நாம் ஏன் சாதியால் பிரிந்து கிடக்கிறோம்?" என்று கேட்பார். அந்த வினாவைக் கேட்டு முகம் சுளிப்போமாயின், நாம் விரும்பியது தலைவர்களை அன்று. நம் சொல்லைத் திருப்பிச் சொல்லும் எதிரொலிகளையே.

சவுலின் கதை வேறு. கோலியாத்தை எதிர்க்க முன்வந்த தாவீதை, "நீ இளைஞன்" என்று சொல்லி முதலில் தடுக்கிறார். பின்னர் இசைவு தருகிறார். ஆனால் தம் வெண்கலத் தலைக்கவசத்தையும் மார்புக்கவசத்தையும் அவனுக்கு அணிவிக்கிறார். அவற்றை அணிந்து நடக்கவும் இயலாமல் தாவீது களைந்துவிடுகிறான். தனக்குப் பழகிய கவணையும் ஓடைக் கற்களையும் எடுத்துக்கொள்கிறான். சவுலின் எண்ணம் தீயதன்று, பாதுகாக்கவே விரும்பினார். இருப்பினும் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, நம் முறையிலேயே அதனைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது, நடக்க இயலாத கவசத்தை அணிவிப்பதற்கு ஒப்பாகும். அதைவிடப் பெரிய தவறு பின்னால் வருகிறது. வெற்றி பெற்ற இளைஞனை மக்கள் புகழ்ந்தபோது சவுலால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இளையோரின் தோல்வியைவிட அவர்களுடைய வெற்றியே மூத்தோரைச் சோதனைக்கு உள்ளாக்குகிறது.

எளியதோர் எடுத்துக்காட்டு

இதனை நம் சூழலில் வைத்துப் பார்ப்போம். ஒரு பங்கில் இளைஞர்கள் சிலர் ஏழைக் குழந்தைகளுக்கு மாலை நேரப் படிப்பகம் ஒன்று தொடங்க விரும்புகிறார்கள் என்று கொள்வோம். பங்குப் பேரவை இடம் தருகிறது. 5,000 ரூபாயும் ஒதுக்குகிறது. இங்கே இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழியில், பாட நேரத்தையும், ஆசிரியர்களையும், வாங்க வேண்டிய பொருள்களையும் பெரியவர்களே முடிவு செய்கிறார்கள். பணம் பேரவையின் பொருளாளரிடம் இருக்கிறது. ஒரு கட்டுச் சுண்ணக்கட்டி வாங்கவும் ஒப்புதல் வேண்டும். திறப்பு விழாவில் இளைஞர்கள் பொன்னாடையைத் தட்டில் ஏந்தி வருகிறார்கள். படிப்பகம் ஒழுங்காக நடைபெறும். ஆனால் அதை நடத்தியவர்கள் இளைஞர்கள் அல்லர்.

இரண்டாம் வழியில், இளைஞர்கள் முதலில் வீடு வீடாகச் செல்கிறார்கள். எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றது, ஏன் நின்றது என்று கேட்டறிகிறார்கள். வீட்டில் விளக்கு இல்லாமையா, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் சுமையா, தந்தையின் குடியா என்று காண்கிறார்கள். அதற்கேற்ப நேரத்தையும் முறையையும் அவர்களே வகுக்கிறார்கள். 5,000 ரூபாயும் அவர்கள் கையில் இருக்கிறது. கணக்கும் அவர்களே எழுதி, மாத இறுதியில் பேரவையின் முன் படிக்கிறார்கள். கணக்குப் புத்தகம் ஓர் இளம் பெண்ணிடம் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் பூ அலங்காரமும் கோலமும் போதும் என்று ஒதுக்கப்படவில்லை. மூன்றாம் மாதத்தில் கல்லூரித் தேர்வு வருகிறது. கற்பிக்க வேண்டியவர்கள் வரவில்லை. பிள்ளைகள் பூட்டிய கதவின் முன் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். மூத்தோரின் சோதனை நாள் இதுவே. "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்று சாவியை வாங்கிக்கொள்வதற்கு ஒரு நொடி போதும். மாறாக, இளைஞர்களை அழைத்து அமர்த்தி, "அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, விடைக்காகக் காத்திருப்பதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். அந்த வினாவின் முன் வெட்கி நின்று, பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று வருத்தம் தெரிவித்து, தேர்வுக் காலத்திற்கெனத் தனி அட்டவணை வகுத்து மீண்டும் கதவைத் திறக்கும் இளைஞர், நூறு சொற்பொழிவுகளில் கற்க முடியாததைக் கற்றுவிடுகிறார். தம் சொல்லை நம்பி ஒரு பிள்ளை காத்திருக்கிறது என்னும் உணர்வே தலைமைப் பண்பின் வித்து. உண்மையில் யாரும் காத்திராத இடத்தில், அதாவது முடிவும் விளைவும் நம் கையில் இல்லாத இடத்தில், அவ்வித்து முளைப்பதில்லை.

எழும் தடைகள்

இதற்கு எதிராக நியாயமான தடைகள் எழக்கூடும். இளையோரின் தவறு அவர்களை மட்டும் தாக்குவதில்லையே. பூட்டிய கதவின் முன் நின்ற பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள் என்று கேட்கலாம். இக்கேள்வியைப் புறக்கணிக்க இயலாது. ஒருவருடைய பயிற்சிக்காகப் பிறரைப் பலிகொடுக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆகவேதான் பொறுப்பு படிப்படியாக அமைய வேண்டும். பிறருடைய உயிருக்கும் உடலுக்கும் மானத்திற்கும் ஊறு நேரக்கூடிய இடங்களில் மூத்தோர் காவல் இருக்கவே வேண்டும். ஆனால் நம்மில் பலர் தடுத்து நிறுத்துவது இத்தகைய ஊறுகளை அல்ல. விழா சற்று ஒழுங்கு குறைந்துவிடும், கணக்கில் நூறு ரூபாய் பிசகிவிடும், விருந்தினர் முன் நம் மதிப்புக் குறைந்துவிடும் என்னும் அச்சமே நம்மைத் தடுக்கிறது. பிறருடைய நலனுக்காக அஞ்சுகிறோமா, நம் பெயருக்காக அஞ்சுகிறோமா என்பதை நாம் நம் மனச்சான்றின் முன் பிரித்தறிய வேண்டும்.

ஒதுங்கி நிற்பது கைவிடுதல் ஆகாதா என்பது மற்றொரு தடை. ஆகக்கூடும். "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அவ்விடத்தை விட்டே அகன்றுவிடுவது நம்பிக்கை அன்று, சோம்பல். கார்டைன் கூட்டத்தில் பேச்சைக் குறைத்தார். ஆனால் கூட்டத்திற்கு முன்னும் பின்னும் உடனிருந்தார். வள்ளுவர் 'தெரிந்துவினையாடல்' என்னும் அதிகாரத்தில் இதற்கு வரிசை ஒன்றை வகுத்துள்ளார். பணியையும், அதற்குரிய கருவியையும், செய்யும் ஆளையும் முதலில் நன்கு ஆராய வேண்டும். ஆராய்ந்து ஒப்படைத்த பின் அப்பணியை அவரிடமே விட்டுவிட வேண்டும். ஆராயாது ஒப்படைப்பதும் குற்றம். ஒப்படைத்த பின் ஐயுறுவதும் குற்றம் என்பது அதற்கு முந்தைய அதிகாரத்தின் முடிவு. நாம் பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். ஆராயாமல், நன்கு பேசுகிறார், நன்கொடையாளரின் மகன் என்பதற்காகப் பதவி கொடுக்கிறோம். கொடுத்த மறுநாளே ஐயுறத் தொடங்குகிறோம்.

தலைமைப் பயிற்சி இளையோரிடம் செருக்கையும் பதவி ஆசையையும் வளர்த்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். மேடையையும் ஒலிபெருக்கியையும் மட்டும் கொடுத்தால் அவ்வாறே நேரும். பூட்டிய கதவின் முன் நின்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்து விடைகூற வேண்டிய பொறுப்பையும் உடன் கொடுத்தால், செருக்குக்கு அங்கே இடமில்லை. உண்மைத் தலைவரை அறிய ஓர் எளிய உரைகல் உண்டு: அவர் அருகில் இருந்தவர்கள் வளர்ந்தார்களா? தாம் ஒருவரே உயர்ந்து, சூழ இருந்தவர்கள் அனைவரும் சிறுத்துப்போனால், அங்கே நிகழ்ந்தது தலைமை அன்று. இந்த உரைகல் இளையோருக்கு மட்டும் உரியதன்று. அவர்களை வழிநடத்தும் நமக்கும் உரியது.

அதன் விலை

இவை அனைத்தையும்விடக் கடினமான வினா ஒன்று உள்ளது. மனச்சான்றின்படி வாழக் கற்றுக்கொண்ட இளைஞர், அதற்காகத் துன்புற நேர்ந்தால், கற்பித்தவர் அதற்குப் பொறுப்பாளர் அல்லரோ?

பிரான்சு நாட்டில் ரென் நகரில் 1921-இல் பிறந்தவர் மார்செல் கல்லோ. பதின்மூன்று வயதில் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் இணைந்து, தம் பகுதிக் கிளையின் தலைவரானார். 1943-இல் செர்மானிய ஆட்சியாளர் அவரைக் கட்டாய உழைப்புக்கெனத் தங்கள் நாட்டின் செல்லா மேலிஸ் என்னும் ஊருக்குக் கொண்டுசென்றனர். சில நாள்களுக்கு முன்புதான் குண்டுவீச்சில் அவருடைய தங்கை இறந்திருந்தாள். ஆயுதத் தொழிற்சாலையில் வேலை, திருப்பலி இல்லை, பேச்சுத் துணை இல்லை. முதல் சில மாதங்கள் அவர் மனம் சோர்ந்து போனார். அதிலிருந்து அவரை மீட்டது, தாம் கற்றிருந்த எளிய பழக்கமே. தம்மைச் சுற்றி இருந்த தோழர்களை நோக்கினார். அவர்களும் தம்மைப் போலவே உடைந்து கிடப்பதைக் கண்டார். அவர்களைக் கூட்டிச் செபிக்கவும், விளையாடவும், ஒருவருக்கொருவர் உதவவும் வழிசெய்தார். பிரெஞ்சு மொழியில் திருப்பலி நிகழவும் ஏற்பாடு செய்தார். அங்கே அவருக்கு வழிகாட்டி எவரும் இல்லை, ஆணையிட்டவரும் இல்லை. 1944 ஏப்ரலில் அவர் கைது செய்யப்பெற்றார். அளவுக்கு மீறிய கத்தோலிக்கர் என்பதே அவர்மீது கூறப்பெற்ற குற்றம். 1945 மார்ச்சு 19-ஆம் நாள், மவுட்ஹவுசன் வதை முகாமில், இருபத்து மூன்று வயதில் உயிர் நீத்தார். 1987-இல் திருத்தந்தை 2-ஆம் அருள் சின்னப்பர் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். கார்டைனின் முதல் தோழர்களான தொன்னேயும் கார்சேயும் அதே 1945-இன் தொடக்கத்தில் டாக்கவ் முகாமில் இறந்தனர்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம்முடன் உழைத்தவர்களை இழந்த கார்டைன், இளையோர்மீது வைத்த நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளவில்லை. 1965-இல் கர்தினாலாக உயர்த்தப்பெற்ற அவர், அதே ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் சமயச் சுதந்திரம் பற்றிப் பேசினார். இளந்தொழிலாளரிடையே தாம் பெற்ற நீண்ட அனுபவத்தையே தம் கருத்துக்குச் சான்றாகக் காட்டினார். வேலியிட்டு அடைத்துக் காக்கப்பெற்ற நம்பிக்கையைவிட, உள்ளுக்குள் உரம் பெற்ற நம்பிக்கையே நிலைக்கும் என்பது அவருடைய வாழ்வு நமக்குத் தரும் பாடம். 1967-இல் அவர் மறைந்தார்.

ஆகவே வினாவுக்கு விடை இதுவாகும். கல்லோவைக் கொன்றவர்கள் அவருக்குத் தலைமை கற்பித்தவர்கள் அல்லர். அவரைக் கொன்றது கொடுங்கோன்மை. கற்பித்தவர்கள் கொடுத்தது, அக்கொடுமையின் நடுவிலும் மனிதராக, மற்றவர்களை மனிதராக்குபவராக வாழும் ஆற்றலையே. நாம் பிள்ளைகளுக்குத் துன்பமே நேராத உலகத்தைக் கொடுக்க இயலாது. நாம் உடன் இல்லாத இடத்திலும், நம் குரல் எட்டாத நாளிலும், நல்லதைக் கண்டு தெளிந்து செய்யும் உள்ளத்தை அவர்களிடம் வளர்க்க மட்டுமே நம்மால் இயலும். அதற்கு, நாம் உடன் இருக்கும்போதே சில வேளைகளில் இல்லாதவர்போல் நிற்கப் பழக வேண்டும்.

2018-இல் இளையோரைப் பற்றி உரோமையில் ஆயர் மாமன்றம் கூடியது. அதன் கனியாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்ட 'கிறிஸ்து வாழ்கிறார்' என்னும் ஊக்கவுரையில், இளையோர் பணியின் செயலாளிகள் இளையோரே என்று உரைத்து, எம்மாவு நிகழ்ச்சியையும் நம்முன் வைத்தார். உயிர்த்த ஆண்டவர் சீடர் இருவருடன் நடந்தார்; வினவினார்; அவர்கள் பேசுவதைக் கேட்டார்; மறைநூலை விளக்கினார்; அப்பத்தைப் பிட்டார். அவர்களுடைய கண்கள் திறந்த அந்நொடியில் அவர் மறைந்துபோனார். எருசலேமுக்குத் திரும்பிச் செல்லுங்கள் என்று அவர் ஆணையிடவில்லை. அவர்களே அந்நேரமே எழுந்து, இருளில், தாம் வந்த வழியே திரும்பி நடந்தனர்.

நம் பங்குகளில் இளையோருக்காக நாம் இனி வகுக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு வினாவைக் கேட்டுப் பார்ப்போம்: இதில் அவர்கள் உண்மையாகவே முடிவு செய்யக்கூடியது எது? விடை 'ஒன்றுமில்லை' எனில், அத்திட்டம் எத்துணைச் சிறப்பாக நடந்தாலும், இளையோர் அதில் விருந்தினரே. ஒன்றேனும் உண்டெனில், அந்த ஒன்றை அவர்களிடம் முழுமையாக ஒப்படைப்போம். அவர்கள் தடுமாறும் வேளையில் கைக்கெட்டும் தொலைவில் நிற்போம். அவர்கள் நம்மைக் கடந்து செல்லும் நாளில் மகிழ்வோம். அந்நாளில் அவர்கள் நம்மைத் திரும்பிப் பார்க்காமலும் போகலாம். விதைத்தவர் அறுவடை நாளில் வயலில் இருந்தே தீரவேண்டும் என்பது இறையாட்சியின் முறைமை அன்று.